ஸ்டாப், டிசேபிள், மாஸ்க், பர்ஜ்: வீட்டு ஆஸ்டரிஸ்க் பெட்டியில் எது எதற்கு?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஆஸ்டரிஸ்க் (போன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள்) ஏற்றி, ஊரின் 031 எண் ஒன்றை இன்டர்நெட் வழியாக எடுத்து, கூடத்தில் ஒரு போன், பின்கட்டில் ஒரு போன் என்று ஓட்டுகிறீர்களா? அந்தப் பெட்டிக்கு உண்மையில் வேண்டிய வாசல்கள் (நெட்வொர்க் போர்ட்கள்) மூன்று வகைதான்: அழைப்பை இணைக்கும் சிப்புக்கு யுடிபி 5060, குரல் போக ஆர்டிபி, நிர்வாகத்துக்கு எஸ்எஸ்எச் 22. ஆனால் திறந்த வாசல்களைக் காட்டும் 'சுடோ எஸ்எஸ் -டியுஎல்பிஎன்' (sudo ss -tulpn) அடித்துப் பார்த்தால் 111-இல் ஆர்பிசிபைண்ட் (என்எஃப்எஸ் கோப்புப் பகிர்வுக்குத் துணை), 5353-இல் அவாஹி (லானில் கருவிகளைப் பெயரால் தேடும் சேவை), 631-இல் கப்ஸ் (பிரின்டர் சேவை), கூடவே ஆஸ்டரிஸ்கே திறந்த 4569 (ஐஏஎக்ஸ்2), 4520 (டண்டி) என்று ஆஸ்டரிஸ்க் பெட்டிகள் தங்களுக்குள் பேசும் வாசல்கள் என வரிசை நீளும். வேண்டாத சேவைகளை அடக்க நான்கு வழி: லினக்ஸில் சேவைகளை எழுப்பி நிறுத்தும் சிஸ்டம்டியின் ஸ்டாப், டிசேபிள், மாஸ்க் கட்டளைகள், மென்பொருளையே அகற்றும் ஆப்டின் பர்ஜ்.

'ஸ்டாப்' இங்கே கணக்கிலேயே வராது. லோட்ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) 2023 அளவுக்கு இப்போது இல்லைதான். கரண்ட் போவது நின்றுவிடவில்லை. கரண்ட் திரும்பியதும் பெட்டி தானாக பூட் ஆகும், நிறுத்திய சேவையும் கூடவே எழும்.

'டிசேபிள்' அதைவிட ஒரு படி மேல்: பூட் ஆகும்போது எழுப்பும் இணைப்பை எடுத்துவிடும். ஆனால் வேறு சேவை அழைத்தாலோ, அதற்காக வாசலில் காத்திருக்கும் சாக்கெட் தட்டினாலோ எழுந்து வரும். அவாஹியை நிறுத்திப் பாருங்கள், 'அவாஹி-டீமன்.சாக்கெட் இதை இன்னும் எழுப்பக்கூடும்' என்று சிஸ்டம்டியே எச்சரிக்கும். ஆர்பிசிபைண்ட், கப்ஸ் இரண்டுக்கும் இதே கதை. ஆகவே .சர்வீஸ், .சாக்கெட் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், கப்ஸுக்கு .பாத் என்று மூன்றாவதும் உண்டு.

'மாஸ்க்' அந்தப் பெயரை டெவ்-நல் (/dev/null) என்ற வெற்றிடத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது. யார் கூப்பிட்டாலும் எழாது. வெறும் 'மாஸ்க்' ஏற்கெனவே ஓடுவதை நிறுத்தாது, '--நவ்' சேர்க்க வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது.

'பர்ஜ்' சுத்தமான வழிதான், ஆனால் கூடவே எதைப் பிடுங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஆர்பிசிபைண்டைப் பர்ஜ் செய்தால் அதை நம்பியிருக்கும் என்எஃப்எஸ்-காமனும் போய்விடும். வாய்ஸ்மெயிலை என்எஃப்எஸ் வழியாக நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிக்கு நகலெடுக்கும் வீட்டில் மறுநாள் மவுன்ட் ஆகாது. என்எஃப்எஸ் 4-க்கு 111 தேவையில்லை, அதனால் அங்கே மாஸ்க் போதும். கப்ஸுக்குப் பர்ஜ்தான் என் தேர்வு. போன் பெட்டியில் பிரின்டருக்கு என்ன வேலை? எதுவானாலும் முதலில் 'ஆப்ட் -எஸ் பர்ஜ்' என்று ஒத்திகை பாருங்கள்.

ஆஸ்டரிஸ்க் தானே திறக்கும் வாசல்களுக்கு இவை எதுவும் உதவாது. மாட்யூல்ஸ்.கான்ஃபில் சான்_ஐஏஎக்ஸ்2, பிபிஎக்ஸ்_டண்டி இரண்டுக்கும் 'நோலோட்' (ஏற்றாதே) வரி எழுதி, ஆஸ்டரிஸ்கை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீலோட் மட்டும் போதாது. வேறு நிரல்கள் ஆஸ்டரிஸ்கை இயக்க 5038-இல் கேட்கும் ஏஎம்ஐ வேண்டுமென்றால் மூடாமல், பெட்டிக்குள் மட்டும் எட்டும் 127.0.0.1-இல் கட்டிப்போடுங்கள்.

'எல்லாவற்றையும் ஃபயர்வால் பார்த்துக்கொள்ளும்' என்பவர்களுக்கு இரண்டு விஷயம். கையால் போட்ட ஐபிடேபிள்ஸ் விதியைச் சேமிக்காவிட்டால் ரீபூட்டில் காணாமல் போகும். ஐபிவி4-க்கு எழுதிய விதி ஐபிவி6-ஐத் தொடாது. ஐபிடேபிள்ஸுக்குப் பின் வந்த என்எஃப்டேபிள்ஸின் 'இநெட்' டேபிள் இரண்டையும் பிடிக்கும். 5060-க்கு மட்டும் ஃபயர்வாலை விட்டால் வேறு வழியில்லை, ஏனென்றால் அந்தச் சேவை ஓடியே ஆக வேண்டும். வீட்டு லானையும் சேவை தருபவரின் ஐபியையும் அனுமதித்து, மற்றதைத் தள்ளிவிடுங்கள். இங்கே கோட்டை விட்டால் யாரோ உங்கள் பெட்டி வழியாக அழைத்து, ப்ரீபெய்டு பாக்கி ஒரே இரவில் வெளிநாட்டுக் கட்டண எண்களுக்குப் போய்விடும்.

ஆர்வக்கோளாறில் நேர ஒத்திசைவை (சிஸ்டம்டி-டைம்சிங்க்டி) மூடிவிடாதீர்கள். பை 4 வரை பெட்டிக்குள் கடிகாரமே கிடையாது. கரண்ட் போய் வந்தால் நேரம் பின்தங்கி நிற்கும். அது மிகவும் பின்தங்கினால், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ்ஸின் சான்றிதழ் 'இன்னும் அமலுக்கு வரவில்லை' என்று தள்ளப்பட்டு, போன் ரெஜிஸ்டர் ஆகாது. டிஎல்எஸ் இல்லாத வீட்டிலும் கால் பதிவில் நேரம் தப்பாக விழும்.

முடித்ததும் ஒழுங்காக ரீபூட் செய்யுங்கள், பிளக்கைப் பிடுங்கினால் எஸ்டி கார்டு கெடக்கூடும். பிறகு 'எஸ்எஸ்' பட்டியலை முந்தையதோடு ஒப்பிடுங்கள். வேறு கணினியிலிருந்து வாசல் தேடும் என்மேப் அடித்தால் யுடிபி வாசல்களைப் பல நேரம் 'திறந்தது அல்லது வடிகட்டியது' என்றுதான் காட்டும். அதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம், பெட்டிக்குள்ளிருந்து பார்த்த பட்டியலையே நம்புங்கள்.