11 வருடம் நின்ற டாடாமொபைல் 206: மறுபடி ஓட்டத் தொடங்கி நான்கு வருடம்

எங்கள் டாடாமொபைல் 206 பிக்கப்பை மறுபடி ரோட்டில் இறக்கி 2025 ஏப்ரலோடு நான்கு வருடம் முடிந்தது. கிலோமீட்டர் கேபிளை மாற்றி முள் நகரத் தொடங்கிய நாளிலிருந்து 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தேங்காய், கொப்பரை, மாட்டுத் தீவனம், ஒரு தடவை தங்கையின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் என்று எல்லாம் ஏற்றியாகிவிட்டது. வண்டியை வெளியே எடுத்த புதிதில் எழுத உட்கார்ந்திருந்தால் சந்தோஷத்தை மட்டும்தான் எழுதியிருப்பேன். செய்த வேலையில் எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

206 என்றால் இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. பின்னால் வந்த 207-தான் ஊரெல்லாம் ஓடுகிறது. டாடா மோட்டார்ஸ் டெல்கோ என்ற பெயரில் இருந்தபோது, 1988-இல் வந்த பிக்கப் இது. லாரி, பஸ் என்றே செய்துவந்த கம்பெனி சின்ன வண்டிப் பக்கம் வந்தது இதில்தான். இதே அடித்தளத்தில்தான் 1991-இல் சியரா காரும் அடுத்த வருடம் எஸ்டேட் காரும் வந்தன. 1,948 சிசி டீசல் இன்ஜின், நான்கு சிலிண்டர், ஐந்து கியர். ஆரம்ப கால சுமோவிலும் இந்த இன்ஜின்தான். பழைய வண்டி ஒன்றைக் கையில் எடுக்கும் முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இது: அதே இன்ஜின் வேறு எத்தனை வண்டியில் இருந்தது? சுமோ மட்டும் வந்திருக்காவிட்டால் எனக்கு பிஸ்டன் ரிங் செட்டோ கேஸ்கெட்டோ இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது.

எங்கள் வண்டி 1994-இல் அப்பா புதிதாக எடுத்தது. பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலைப் பக்கம் எங்கள் தோப்பு. 15 வருடம் தேங்காய் சுமந்தது. 2009-இல் அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். அதற்குப் பிறகு வியாபாரியே தன் லாரியைக் கொண்டுவந்து காய் எடுக்க ஆரம்பித்தார். வண்டி கொப்பரைக் களத்துச் சாளைக்குள், அதாவது கொட்டகைக்குள், போனது. போனதுதான், 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோதுதான் நான் அதன் கதவைத் திறந்தேன். சீட்டுக்குள் எலிக்கூடு. நான்கு டயரும் தரையோடு தரை. பானெட்டைத் தூக்கினால் பேட்டரித் தட்டு இருந்த இடத்தில் துரு மட்டும்.

பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணாதான் முதலில் வந்து பார்த்தார். அந்தக் காலத்தில் இதே வண்டிக்கு வேலை பார்த்தவர். நான் புதுப் பேட்டரி கொண்டுவரட்டுமா என்று கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, செல்ஃப் மட்டும் அடிச்சுராதீங்க. ரிங்கு சிலிண்டரோட ஒட்டிக் கெடக்கும். அடிச்சா ஒடஞ்சு போகும்" என்றார். வருடக்கணக்காக நின்ற டீசல் வண்டியை எடுக்க நினைக்கும் எல்லோருக்கும் நான் சொல்வதும் இதையேதான்.

ஸ்டார்ட் ஆக இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இன்ஜின் ஆயிலையும் டீசலையும் கலந்து கொஞ்சம் ஊற்றினோம். மூன்று நாள் ஊறவிட்டு இன்ஜின் தண்டின் முனையில் இருக்கும் கிராங்க் புல்லி நட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டு அசைத்துப் பார்த்தால் கல் மாதிரி நின்றது. மறுபடி ஊற்றினோம். ஆறாவது நாள் சாயங்காலம், அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்பேனர் சத்தமே இல்லாமல் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. பின்பக்கமும் அதே அளவு. அரை மணி நேரம் முன்னும் பின்னுமாக அசைத்து, கடைசியில் ஒரு முழுச் சுற்று வந்தது. ஹீட்டர் பிளக் ஓட்டையிலிருந்து கறுப்பு எண்ணெய் புளிச்சென்று என் சட்டையில் அடித்தது. அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்காக அப்படியே ஓட்டிவிடவில்லை. ஹெட்டைக் கழற்றி வால்வு கிரைண்டிங், லேத்தில் ஃபேசிங், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டோம். நல்லவேளை, சிலிண்டரில் போரிங் போடும் அளவுக்குத் தேய்மானம் இல்லை. டீசலைப் பீய்ச்சும் நாசிலும் பம்பும் கோயம்புத்தூரில் அளவு சரிபார்க்கும் காலிபிரேஷனுக்குப் போய் வந்தன. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. தட்டித்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

டீசல் டேங்க் தனிக் கதை. அடைப்பானைத் திறந்ததும் டீசல் வாசமே வரவில்லை, பழைய வார்னிஷ் வாசம்தான் வந்தது. அடியில் தார் மாதிரி மூன்று விரல் கனத்துக்குக் கசடு. டேங்கை இறக்கி, உள்ளே ஒரு முழம் இரும்புச் சங்கிலியையும் மண்ணெண்ணெயையும் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு மணி நேரம் குலுக்கினோம். ஊற்றி எடுத்து மறுபடி. ஐந்து தடவைக்குப் பிறகுதான் வெறும் மண்ணெண்ணெய் நிறத்தில் வெளியே வந்தது. இந்த வேலையைத் தள்ளிப்போட்டு, கேனில் டீசல் வைத்து இன்ஜினை ஓட்டிப் பார்த்தவர்களைத் தெரியும். பிறகு அந்தக் கசடு காலிபிரேஷன் செய்த பம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

உடம்பில் பெரிய சேதம் பின்பாடித் தரையில்தான். கேபினுக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்குத் தகடே இல்லை; சேசிஸ் தெரிந்தது. வேறு இடத்திலெல்லாம் மேல்துருதான். அந்த ஓரத்தில் மட்டும் ஏன் இப்படி என்று அப்பாவிடம் கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே யோசித்து, "பொட்டாஷ் மூட்டையை அங்கதான் அடுக்குவோம்" என்றார். தென்னைக்குப் போடும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்பின் இனம். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும். கசிந்தது தகட்டு மடிப்புக்குள் இறங்கினால் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் போகும். நாங்கள் பெருக்கினோம், கழுவவில்லை. வண்டியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

டிங்கர் மேஸ்திரி இற்றுப்போன இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, பின்பாடி முழுவதற்கும் செக்கர் பிளேட் (வழுக்காமல் இருக்க மேடு வரி போட்ட தகடு) போட்டுக் கொடுத்தார். அடியில் குறுக்குச் சட்டம் இரண்டு புதிது. தண்ணீர் வடிய நான்கு மூலையிலும் ஓட்டை போடச் சொன்னேன். இன்று வரை உர மூட்டை இறக்கிய அன்றே ஹோஸ் பிடித்துக் கழுவிவிடுகிறேன். நான்கு வருடத்தில் அந்தத் தரையில் துருவின் சுவடே இல்லை.

பிரேக்கில் நான் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. 11 வருடம் அப்படியே நின்றதில் வீல் சிலிண்டரெல்லாம் உள்ளே அரித்துப் போயிருந்தன. உள்ளே ரப்பர் கிட் மட்டும் போட்டால் போதும், ஆயிரம் இரண்டாயிரத்தில் முடியும் என்று ஒருவர் சொன்னார். நான் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கடைசி ரப்பர் ஹோஸ் வரை புதிதாக வாங்கினேன். இரும்புக் குழாய்களையும் மாற்றினேன். பெயின்ட் மங்கினால் வண்டி அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். ஆழியார் மலையிலிருந்து இறங்கும்போது பெடல் தரையைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எலி கடித்த வயரிங்கைத் துண்டு துண்டாக ஒட்டாமல் முழுக்க உருவிவிட்டுப் புதிதாக இழுத்தோம். ஹெட்லைட்டுக்கு ரிலே (கரன்ட்டைத் தனி வழியில் விடும் சின்ன சுவிட்ச்) வைத்தது நல்ல முடிவு. முன்பு லைட்டுக்குப் போகிற கரன்ட் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போய் வரும். பழைய சுவிட்சில் பாதி வெளிச்சம் தொலைந்துவிடும். இப்போது பேட்டரியிலிருந்து நேராகப் போகிறது. அதே பல்பு, ஆனால் ராத்திரியில் தோப்புத் தடத்தில் முயல் ஓடுவது தெரிகிறது.

பெயின்ட் கடைசியில். அப்பா வாங்கியபோது இருந்த அதே வெள்ளை.

முதல் ஸ்டார்ட் 2021 மார்ச்சில், விடியற்காலை. இந்த இன்ஜினில் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் விழாது. ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் பற்றி, அங்கிருந்துதான் சிலிண்டருக்குள் வரும். அந்த அறை சூடேறாமல் குளிரில் பற்றாது. அதற்குத்தான் ஹீட்டர் பிளக். சாவியைத் திருப்பினேன், ஹீட்டர் விளக்கு எரிந்து அணைந்தது. ஸ்டார்ட் செய்யப் போனவனை, கம்பை ஊன்றி ஜன்னலோரம் நின்றிருந்த அப்பா நிறுத்தினார். "வௌக்க நம்பாத கண்ணு. பத்து எண்ணு." அவரே எண்ணினார். ஏழு வந்ததும் குரல் கொஞ்சம் தடுமாறியது. பத்தில் சாவியைத் திருப்பினேன். மூன்று தடவை இருமி, களம் முழுக்க வெள்ளைப் புகை கக்கி, அப்புறம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் நான் பத்து எண்ணித்தான் ஸ்டார்ட் செய்கிறேன்.

காகித வேலைக்கு ஏப்ரல் மூன்றாவது வாரம் வரை ஆனது. நின்ற காலத்து வரி, அபராதம், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், பசுமை வரி, பக்கவாட்டில் ஒளிரும் பட்டை என்று ஒவ்வொன்றாக. சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2022 ஏப்ரல் 1 முதல் கட்டணத்தையும் நன்றாகக் கூட்டிவிட்டது. வண்டியில் கை வைக்கும் முன் ஆர்.சி. புக்கைத் தேடி எடுங்கள். அது இல்லாமல் இத்தனை வேலையும் செய்து என்ன பயன்?

சரி, ஓட்டிய கதைக்கு வருகிறேன்.

முதல் இரண்டு மாதம் பாடம் படித்தேன். நாசிலைத் திரும்பப் பூட்டியபோது பட்டறையில் பழைய செம்பு வாஷரையே போட்டிருக்கிறார்கள். ஒரு நாசிலடியில் காற்று கசிந்து, இழுவையும் குறைந்தது. நாசிலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றியபோது குமிழி வந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். சின்ன வாஷர்தான், இரண்டு வாரம் அலையவிட்டது. அடுத்து, பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டு மூடி ஒன்று உள்ளிருந்து இற்று, உடுமலை ரோட்டில் தண்ணீர் முழுவதும் இறங்கிவிட்டது. சூட்டு முள் ஏறியதைப் பார்த்து உடனே நிறுத்தியதால் ஹெட் தப்பியது. இன்ஜினை இறக்கியிருந்தபோதே அந்த மூடிகள் அத்தனையையும் மாற்றியிருக்க வேண்டும். வெளியில் இருந்து பார்க்க நன்றாக இருந்தன, விட்டுவிட்டேன். அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதில்லை, கூலன்ட் மட்டும்தான்.

அதற்குப் பிறகு வண்டி என்னை வழியில் நிறுத்தியதில்லை.

லோடு இல்லாமல் லிட்டருக்கு 14, எழுநூறு கிலோ ஏற்றினால் 11, 12. மணிக்கு 60-இல் நாள் முழுக்க ஓடும். 75-க்கு மேல் இன்ஜின் சத்தம் கேபினுக்குள் பேசவிடாது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. மார்க்கெட்டுக்குள் லோடோடு திருப்பும்போது தோள் வலிக்கும். சித்திரை வெயிலில் கால் பக்கம் வரும் சூட்டைக் குறைக்கத் தரைக்கடியில் கயிற்றுப் பாயும் ரப்பரும் விரித்திருக்கிறேன். ஓரளவுக்குத்தான் குறைந்தது. புது வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது கஷ்டம்தான்.

மலையில்தான் இதன் குணம் தெரிந்தது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அரை லோடு தீவனத்தோடு போனேன். அவசரப்படுத்தாமல் இரண்டிலும் மூன்றிலும் விட்டால், சூட்டு முள் பாதியைத் தாண்டாமல் மேலே போய்ச் சேர்ந்தது. இறங்கும்போது, எந்த கியரில் ஏறினோமோ அதே கியர். அன்று கீழே வந்து பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடிந்தது.

செலவு மொத்தம் 2,70,000 ரூபாய் ஆனது. அதில் பெயின்டுக்கும் பின்பாடிக்கும் சேர்த்தே 85,000 போய்விட்டது. நான்கு வருடப் பராமரிப்புக்கு, டயர் நான்கையும் சேர்த்து, இன்னொரு 90,000. இந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் இருக்கும் பழைய மினி வேன் வாங்கியிருக்கலாம் என்று அம்மா அப்போது சொன்னார். கணக்குப்படி அது சரி. லாபம் மட்டும் பார்ப்பவர் இந்த வேலைக்கு வர வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் வீட்டில் வாங்கி, வீட்டிலேயே நின்று போன வண்டி, ஆர்.சி. கையில் இருக்கிறது, சேசிஸ் நேராக இருக்கிறது, தினமும் கொடுக்க வேலையும் இருக்கிறது என்றால் தாராளமாக இறங்கலாம். தினமும் ஓடுவது முக்கியம். ஓடுகிற வண்டியில் டேங்கில் கசடு சேராது, சிலிண்டரில் ரிங் ஒட்டாது, எலியும் கூடு கட்டாது.

இப்போது 45 நாளுக்கு ஒரு முறை தேங்காய் வெட்டு முடிந்ததும் காயை நாங்களே களத்துக்கு ஏற்றி வருகிறோம். அப்பா இடது சீட்டில். ஏறுவதற்கு ஒரு மரப்படி செய்து வைத்திருக்கிறேன். வழியில் கியர் மாற்றும்போது சத்தம் வந்தால் என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

போன வாரத்திலிருந்து வாட்டர் பம்ப் பக்கம் மெல்லிதாக ஒரு முனகல் கேட்கிறது. பேரிங் போகிறது என்று நினைக்கிறேன். புது பம்ப் வாங்கி அலமாரியில் வைத்தாகிவிட்டது. இந்த வெட்டு முடிந்த மறுநாள் காலையில் மாற்றிவிடுவேன்.