மடக்குக் கத்தியும் மூன்றாம் முறை அடித்த இரும்புப் பின்னும்

“உன் மடக்குக் கத்தி நல்லா இருக்கே மச்சான், நானும் ஒண்ணு வாங்கவா?” என்று கேட்டான் மண்டபம் ஊர் நண்பன். நான் அதைக் கழற்றி, அலகு திரும்பும் அந்தச் சின்ன ஆணியை, அதாவது பின்னை, மூன்றாம் முறையாக மாற்றிய மறுநாள் அது. சுத்தியல் பட்ட கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

அலகைக் குறை சொல்ல மாட்டேன். கார்பன் ஸ்டீல். கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதும், தங்கூஸ் (நைலான்) நரம்பும் நனைந்த கயிறும் ஒரே வெட்டில் போகும். எட்டு வருடமாக என் சண்டை முழுக்க அலகைப் பிடித்திருக்கும் அந்தச் சின்னப் பின்னோடுதான்.

கத்தியோடு வந்தது பித்தளைப் பின். மூன்று வருடத்தில் அலகு ஆட ஆரம்பித்தது. பின் தேய்ந்திருக்கும் என்று நினைத்து 2.4 மி.மீ. பிரேசிங் கம்பியை (பற்றவைக்கும் பித்தளைக் கம்பி) வெட்டிப் போட்டேன். மறுபடியும் ஆட்டம். கழற்றிப் பார்த்தால் பித்தளை பளபளவென்று இருக்கிறது. அலகின் துளைதான் அரித்து முட்டை வடிவமாகிவிட்டது. பித்தளையும் இரும்பும் ஒட்டியிருக்க நடுவே உப்புநீர் புகுந்தால் அரிபடுவது இரும்புதான். இது தெரிய எனக்கு இரண்டு பின் செலவு.

அப்புறம் லேத் பட்டறையில் துளையை 2.5-க்குப் பெரிதாக்கினோம். சாதாரண டிரில் பிட் கிறீச்சிட்டு வழுக்கியது; கார்பைடு பிட்தான் ஏறியது. பின்னுக்கு 2.5 வெல்டிங் ராடின் மேல்பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு உள்கம்பியை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டேன். மென்மையான இரும்பு, அழகாக விரிந்து கொடுக்கும். ஆனால் துருப்பிடிக்கும். பித்தளை போட்டால் கத்தி போகும், இரும்பு போட்டால் பின் போகும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே விட்டுவைக்காத உப்புக்கு இந்தக் கம்பி எம்மாத்திரம்? சரி, போவது பின்னாகவே இருக்கட்டும் என்றுதான் இந்த மீன்பிடித் தடைக்காலத்திலும் இரும்பையே அடித்தேன்.

அடிப்பதில்தான் வித்தை. பின்னின் நுனி இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். உருண்டை முகச் சுத்தியலால் திருப்பித் திருப்பி மெதுவாகத் தட்ட வேண்டும். அலகுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே குளிர்பான டப்பாவில் வெட்டிய தகட்டை எண்ணெய் தடவிச் செருகாவிட்டால், கத்தியைத் திறக்கக் குறடு தேடுவீர்கள். நான் தேடியிருக்கிறேன். அலகை அழுத்திப் பிடிக்கும் முதுகு ஸ்பிரிங்கின் நடுப்பின் இன்னும் மோசம்: ஸ்பிரிங் முறைத்துக்கொண்டு நிற்பதால் துளைகள் நேராக வராது. நுனி சீவிய கம்பியைச் செருகி நேராக்கி, அதன் வாலைத் தள்ளிக்கொண்டே பின்னை நுழைக்க வேண்டும். நகம் போனது அங்கேதான்.

முடித்து மடக்கினேன். ‘டக்’. புதிதில்கூட இப்படிச் சத்தம் கேட்டதில்லை. பத்துத் தடவை திறந்து மூடியதில் வீட்டில் திட்டு விழுந்தது.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். கடலுக்குப் போகிறவனுக்குப் பிளாஸ்டிக் பிடி போட்ட நேர்க்கத்தி போதும். போனால் வேறு வாங்கலாம். அப்படியானால் உன்னுடையதைக் கொடு என்றான். தரமாட்டேன்.