பத்து கிராம் இழையா, பயோதீசியோமீட்டரா?

சுகர்காரர்களின் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க எதை வாங்குவது: தோலில் வைத்து அழுத்தும் நைலான் இழையா, பாதத்தில் வைத்தால் அதிரும் பயோதீசியோமீட்டர் மெஷினா? போன வருடம் என் மாலை நேர கிளினிக்குக்காக யோசித்து யோசித்து, கடைசியில் இழையை வாங்கினேன். அதனால் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

விலை தெரிந்ததுதான்: மெஷினுக்குப் பல ஆயிரம், இழைக்குச் சில நூறு. மெஷினின் பலம் அது காட்டும் எண். அதிர்வின் அளவை வோல்ட்டில் காட்டும்; அதைக் கூட்டிக்கொண்டே போய், 25 வோல்ட்டைத் தாண்டித்தான் தெரிகிறது என்றால் புண் வரும் அபாயம் அதிகம். எண்ணைக் காட்டினால் நம்புகிறார்கள். வாயால் சொன்னால், "நல்லாத்தானே நடக்கிறேன் டாக்டர்" என்பார்கள்.

ஆனால் நண்பரிடம் இரவல் வாங்கிய மெஷின் சில வாரம் என்னிடம் இருந்தபோது, பாதி நாள் அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. வெளியே இருபது பேர் காத்திருக்க, அதை எடுத்து, ப்ளக் மாட்டி... சரி, அடுத்த தடவை பார்க்கலாம் என்று தள்ளிப்போய்விடும். இழை சிஸ்டரின் பாக்கெட்டிலேயே கிடக்கிறது. முதலில் கையில் தொட்டுக் காட்டி, கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலிலும் முன்பாதத்திலும் வைத்து, வளையும் வரை அழுத்த வேண்டும். வளையும்போது விழும் அழுத்தம்தான் அந்த 10 கிராம். காய்ப்பின் மேல் வைக்கக் கூடாது. நடுவில் ஒரு முறை தொடாமலே "தெரியுதா?" என்று கேட்க வேண்டும். மரியாதைக்காக "தெரியுது" என்று தலையாட்டுபவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள்.

இதற்கெல்லாம் குனிய வேண்டியிருப்பதால் விரலிடுக்குச் சேற்றுப்புண், மெட்டி அறுத்த தடம் எல்லாம் கண்ணில் படும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருவது நம் ஊர் வழக்கம் அல்லவா, இப்போது அதையும் உள்ளே கொண்டுவரச் சொல்கிறோம். ஒரு கொத்தனாரின் செருப்பில் ஆணி குத்தி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

இழைக்கும் பராமரிப்பு உண்டு. தொடர்ந்து பத்துப் பேருக்கு மேல் சோதித்தால் தளர்ந்துவிடும். ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். அதனால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன்.

போன வருடத்தைவிட நரம்பு கொஞ்சம் மோசமாகியிருக்கிறதா என்று பார்க்க மெஷின்தான் தேவலை போலத் தோன்றுகிறது. சில வார அனுபவத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ரத்த ஓட்டத்தை இரண்டுமே காட்டாது. அதற்குப் பாதத்தின் மேலும் உள் கணுக்காலின் பின்னும் விரலை வைத்து நாடி பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் அன்றைக்கே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.