ஓயெஸ்: ஆபீஸ் போகும் வழியில் ஒரு உச்ச நீதிமன்றம்

நான் அமெரிக்காவில், ரிச்மண்ட் பக்கம், மின் தொகுப்புத் திட்டமிடல் வேலையில் இருக்கிறேன். எந்த அனல் மின் நிலையம் எப்போது மூடும், அது தந்த மெகாவாட்டுக்கு எங்கே போவது என்று கணக்குப் போடுகிற வேலை. ஆபீஸுக்குக் காரில் 40 நிமிடம். ஒரு வருடமாக அந்த நேரத்தில் பாட்டு போடுவதில்லை, ஓயெஸ்தான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாதங்களை ஒலிப்பதிவாகத் தரும் இணையதளம் இது. காசு கிடையாது. நீதிபதிகள் வந்து அமரும்போது 'ஓயெஸ், ஓயெஸ், ஓயெஸ்' என்று மூன்று முறை கூவுவார்கள், நம் ஊர் கோர்ட்டில் டவாலி கூப்பிடுவது போல. பெயர் அங்கிருந்து வந்தது. ஒலி ஓட ஓட, பேசுகிறவரின் படமும் பேச்சின் எழுத்து வடிவமும் திரையில் கூடவே நகரும். ஒரு வரியைத் தொட்டால் அங்கிருந்து ஓடும்.

நான் இதற்கு வந்தது பொழுதுபோக்குக்காக அல்ல. ஆபீஸில் எந்தக் கூட்டத்திலும் வக்கீல்கள் 'வெஸ்ட் வர்ஜீனியா வழக்குக்கு அப்புறம்' என்று ஆரம்பிப்பார்கள். தீர்ப்பை இறக்கிப் படிக்க உட்கார்ந்தேன், நாலாவது பக்கத்தில் தூங்கிவிட்டேன். அதைப் படிக்காதே, வாதத்தைக் கேள் என்றார் ஒரு சக ஊழியர்.

முதலில், மாசசூசெட்ஸ் மாநிலம் போட்டு 2006 நவம்பரில் வாதம் நடந்த வழக்கைக் கேளுங்கள். கார்பன் டை ஆக்சைடு தூய காற்றுச் சட்டத்தின்படி மாசுதானா என்பது கேள்வி. நீதிபதி ஸ்காலியா ஸ்ட்ராட்டோஸ்பியர், அதாவது வளிமண்டலத்தின் மேலடுக்கு, என்கிறார். இல்லை, அது ட்ரோபோஸ்பியர், நாம் இருக்கும் கீழடுக்கு, என்று திருத்துகிறார் மாநிலத்தின் வக்கீல். 'ஏதோ ஒன்று, நான் விஞ்ஞானி இல்லை என்று முன்பே சொன்னேனே' என்கிற மாதிரி ஸ்காலியா பதில் சொல்ல, அரங்கம் சிரிக்கிறது. தாளில் படித்தால் இந்தச் சிரிப்பு கிடைக்காது. அவர் பக்கம் 5க்கு 4 என்று தோற்றது. ஈபிஏ என்று எல்லோரும் சொல்லும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குக் கார்பனைக் கட்டுப்படுத்தும் வழி 2007இல் அப்படித்தான் திறந்தது.

அடுத்து 2022 பிப்ரவரி, வெஸ்ட் வர்ஜீனியா. இதை மூன்று முறை கேட்டிருக்கிறேன். ஒபாமா அரசு 2015இல் கொண்டுவந்த தூய மின் திட்டத்தைப் பற்றியது. சட்டத்தில் இருப்பது, உமிழ்வைக் குறைக்க 'ஆகச் சிறந்த முறை' எதுவோ அதை வைத்து வரம்பு வை என்பதுதான். நிலக்கரியைக் குறைத்து எரிவாயு, காற்றாலைப் பக்கம் போவதும் ஒரு முறைதான் என்று ஈபிஏ பொருள் கொண்டது. வழக்குப் போட்ட வெஸ்ட் வர்ஜீனியா தரப்போ, ஒவ்வொரு நிலையத்தின் வேலிக்குள் செய்ய முடிந்ததை மட்டும் சொல், பாய்லரைச் சீர்செய்யச் சொல், அதோடு நிறுத்து என்றது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் திட்டம் ஒரு நாள்கூட அமலில் இல்லை. 2016 பிப்ரவரியிலேயே தடை. ஆனாலும் 2030க்கு வைத்த இலக்கை மின்துறை 2019க்குள் எட்டிவிட்டது. எரிவாயு மலிந்ததும் காற்றாலைகள் பெருகியதும் அதற்குப் பெரிய காரணம். அமலில் இல்லாத விதிக்கு எதற்கு வழக்கு என்று அரசு வக்கீல் எலிசபெத் பிரீலோகர் கேட்கிறார். மின் நிறுவனங்கள் சிலவற்றுக்காக வந்த வக்கீலும் ஈபிஏ பக்கம் நின்றுதான் பேசுகிறார். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. 40 வருடம் ஓடவேண்டிய நிலையத்தில் பணம் போடுகிறவனுக்கு, விதி கடுமையாக இருப்பதைவிட மாறிக்கொண்டே இருப்பதுதான் பயம்.

அம்மா இங்கே வந்திருந்தபோது ஒருநாள் காரில் இது ஓடியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏண்டி, அந்தப் பொண்ணைப் பேசவே விட மாட்டேங்கிறாங்களே, இது விசாரணையா சண்டையா?" என்றார்.

தீர்ப்பு 6க்கு 3, ஈபிஏவுக்கு எதிராக. இவ்வளவு பெரிய முடிவை ஒரு முகமை எடுக்கவேண்டுமென்றால் நாடாளுமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். ஒரு நிலையத்தைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டுவதை நாங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செய்கிறோம். நீதிபதிகள் அதை ஏதோ புரட்சி போலப் பேசும்போது ஸ்டீயரிங்கைத் தட்டினேன். அதே சமயம், 'முறை' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நாட்டின் எரிபொருளையே மாற்றுவது கொஞ்சம் மெல்லிய கயிறுதான். இரண்டாம் முறை கேட்டபோது எனக்கே அப்படித் தோன்றியது.

சரி, வேலிக்குள் நில் என்றதும் என்ன ஆயிற்று? 2024 ஏப்ரலில் ஈபிஏ வேலிக்குள்ளேயே நின்று ஒரு விதி போட்டது: 2039க்கு அப்புறமும் ஓடப்போகும் நிலக்கரி நிலையங்கள் தங்கள் கார்பனில் 90 சதவீதத்தைப் பிடித்து அடைக்க வேண்டும். முந்தைய திட்டத்தைவிட நிலையத்துக்கு இது செலவு அதிகம். 2025 ஜூனில் அடுத்த அரசு அதையும் நீக்க முன்மொழிந்தது. என் எக்செல் தாளில் 'விதி உண்டு', 'விதி இல்லை' என்று இரண்டு பத்திகள் இருந்தன. இப்போது 'கோர்ட்டில்' என்று மூன்றாவதும் இருக்கிறது.

நேரம் இருந்தால் 2024 ஜனவரி வாதங்களையும் கேளுங்கள், இரண்டு வழக்கும் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்கும் மேல். பேச்செல்லாம் ஹெர்ரிங் மீன் படகுகள். படகில் ஏறும் கண்காணிப்பாளருக்கு யார் சம்பளம் தருவது என்பதில் தொடங்கி, சட்டம் தெளிவில்லாத இடத்தில் முகமையின் விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவேண்டும் என்ற 1984 செவ்ரான் தீர்ப்பில் போய் முடிகிறது. அந்தத் தீர்ப்பு அன்றைக்குக் காப்பாற்றிய விதி ஈபிஏ போட்டது. அந்த விதியைப் போட்டபோது ஈபிஏ தலைவர் ஆன் கோர்சச். 2024 ஜூனில் செவ்ரானைத் தூக்கியெறிந்த நீதிபதிகளில் ஒருவர் அவருடைய மகன் நீல் கோர்சச்.

ஒலி மட்டும் கேட்பதில் ஒரு சிரமம், ஒன்பது நீதிபதிகளில் பேசுவது யார் என்று பிடிபடாது. முதல் வாதத்தை வீட்டில் திரையோடு கேட்டு, குரல்களைப் பழகிக்கொண்டு அப்புறம் காருக்குப் போங்கள். ககனும் கோர்சச்சும் பத்தே நிமிடத்தில் பிடிபட்டுவிடுவார்கள். எனக்கு ராபர்ட்ஸ்தான் நாளாயிற்று.