பாலா, கேழ்வரகா, மாத்திரையா: நாற்பதைத் தாண்டிய பெண்ணின் எலும்புக்கு எது?

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும்போது எலும்பு வேகமாகத் தேயத் தொடங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், மாதவிடாய் நின்றவருக்கு 1200. இதை எங்கிருந்து எடுப்பது?

"பாலை விட கேழ்வரகில் மூன்று மடங்கு கால்சியம்" என்று அடிக்கடி படிக்கிறோம். 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம், 100 மில்லி பசும்பாலில் 120. கணக்கு சரிதான். ஆனால் யாரும் அவற்றை அந்த அளவில் சாப்பிடுவதில்லை. இரண்டு கேழ்வரகு அடைக்கு அறுபது, எழுபது கிராம் மாவு போகும், அதில் 200க்குக் கொஞ்சம் மேல். ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அதே அளவு. அப்புறம், உடம்பில் சேர்வது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பால் கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை சேரும். கேழ்வரகில் இயல்பாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலோ, கூழுக்குப் புளிக்க வைத்தாலோ அந்தப் பிடி தளர்கிறது. அதனால் கேழ்வரகு என்றால் கூழ்தான் என் தேர்வு, அதிலும் மோர் ஊற்றிய கூழ்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் என் ஓட்டு பாலுக்கும் தயிருக்கும்தான். எலும்புக்கு வேண்டிய புரதமும் கூடவே வருகிறது. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். ஆனால் பல வீடுகளில் பாலும் கெட்டித் தயிரும் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போய், அம்மாவுக்குக் காபியில் விட்ட பாலும் நீர்மோரும்தான் மிஞ்சுகின்றன. அது போதவே போதாது. அவர் பங்கை முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு நெத்திலி அருமையான வழி, முள்ளோடு மென்று சாப்பிட்டால் மட்டும். கருவாடாக இருந்தால் வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் குறையுங்கள், உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் வெளியேறும். பாலக் எனப்படும் பசலைக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் இருபதில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். முருங்கைக்கீரை அதைவிட எவ்வளவோ மேல்.

கால்சியம் மாத்திரை, சாப்பாட்டில் விழும் குறையை நிரப்ப மட்டுமே. 500 மில்லிகிராமுக்கு மேல் ஒரே வேளையில் எடுத்தால் சேரும் பங்கு குறைகிறது. கால்சியம் கார்பனேட் வகை மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும், கால்சியம் சிட்ரேட் வகையை வெறும் வயிற்றிலும் போடலாம். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். எந்த வழியில் போனாலும் வைட்டமின் டி குறைவாக இருந்தால் கால்சியம் சரியாகச் சேராது, அதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.