பெங்களூரு எஸ்.பி. ரோடு சந்துக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை: வேலை சுத்தம், பில்தான் தகராறு

அல்சூரில் எங்கள் ஆபீஸ் உபுண்டு (லினக்ஸ்) சர்வருக்கு இரண்டு லேன் போர்ட், இரண்டு இன்டர்நெட் லைன். ஒரு லைனை நிறுத்திக் கேபிளைக் கழற்றிய நாளிலிருந்து ஆன் ஆவதற்குள் பாடாய்ப் படுத்தியது. முதலில் காட்டிய இடத்தில் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள், அநியாயம்.

இந்தக் கடையில் இருந்த தமிழ்ப் பையன் எதையும் கழற்றவில்லை. "ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு முதல்ல பார்ப்போம்ணா" என்று உட்கார்ந்தார். பயாஸில் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் புரோகிராம்) பூட் வரிசையில் ஹார்ட் டிஸ்குக்கு மேலே நெட்வொர்க் பூட் இருந்தது, அதனால் ஒவ்வொரு போர்ட்டிலும் பிஎக்ஸ்இ சர்வரை (நெட்வொர்க் வழியாக பூட் செய்ய உதவும் சர்வர்) தேடி ஓய்ந்த பிறகுதான் டிஸ்க் பக்கமே வருகிறது. அந்த நெட்வொர்க் பூட்டை அணைத்தார். அப்புறமும் உபுண்டு பாதியில் நின்றது, கேபிளே இல்லாத போர்ட் எப்போது தயாராகும் என்று சிஸ்டம்டி (உபுண்டுவில் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் புரோகிராம்) காத்துக்கொண்டிருந்ததாம், அதன் வழக்கமான கெடு 120 விநாடி. நெட்வொர்க் செட்டிங் எழுதும் நெட்பிளான் ஃபைலில் அந்த போர்ட்டின் கீழ் 'ஆப்ஷனல்: ட்ரூ', அதாவது இதற்காகக் காத்திருக்க வேண்டாம், என்று ஒரே ஒரு வரி சேர்த்தார், அதுவும் டேப் தட்டாமல் ஸ்பேஸ் விட்டு, ஏனென்றால் அது யாம்ல் என்ற வடிவத்தில் எழுதும் ஃபைல், அதில் வரியை உள்ளே தள்ள டேப் வைத்தால் எரர்தான். ரீஸ்டார்ட் செய்ததும் மளமளவென்று லாகின் வந்துவிட்டது.

500 ரூபாய் வாங்கினார்கள், நியாயம்தான். ஆனால் ஜிஎஸ்டி பில் கேட்டால் முகம் மாறுகிறது, ஆபீஸ் கணக்கில் போடுபவர்கள் முதலிலேயே பேசிவிடுங்கள். வண்டி நிறுத்தவும் இடம் கிடையாது, சிபியுவை ஆட்டோவில் கொண்டுபோவதே மேல்.