கடலோரத்தில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் பேக்கப்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கடலூரிலும் புதுச்சேரியிலும் கடைக் கணக்கு, ஸ்டூடியோ படங்கள், டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலைகள் ஆகியவற்றுக்கு நாங்கள் நெடுநாளாகப் பயன்படுத்தி வரும் ஏற்பாடு எளிமையானது. 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இரண்டு வேண்டும். ஒன்று கம்ப்யூட்டர் இருக்கும் இடத்திலும் மற்றது நெய்வேலியிலோ பண்ருட்டியிலோ தெரிந்தவர் வீட்டிலும் இருக்கும். வாரம் ஒருமுறை இரண்டும் இடம் மாறும். அன்றாடம் மாறுகிற கணக்கு ஃபைல்கள் மட்டும் கூடுதலாக இணையச் சேமிப்பான கிளவுடுக்குப் போகும்.

இரண்டையும் ஒரே பீரோவில் வைப்பதை நாங்கள் பேக்கப்பாகவே கருதுவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. 2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தரைத்தளக் கடையில் தண்ணீர் ஏறினால் சிபியுவும் மேசை டிராயரில் உள்ள டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். அதோடு, எந்நேரமும் செருகியே கிடக்கும் டிஸ்க்கை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் விட்டுவைக்காது. கம்ப்யூட்டரில் உள்ளதைப் பூட்டும்போது அதிலுள்ளதையும் பூட்டிவிடும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

உப்புக்காற்றில் முதலில் கெடுவது பெரும்பாலும் டிஸ்க் இல்லை, கேபிள் முனைதான். காப்பி ஓடும்போது பாதியில் டிஸ்க் காணாமல் போவது, அசைத்தால் திரும்பி வருவது எல்லாம் அதன் அறிகுறி. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். முனை பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகலாம். டிஸ்க்கைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறோம். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த டிஸ்க்கில் ஈரம் படியும். ஒரு மணி நேரம் கழித்தே செருகுவது நல்லது. கேபிள் மாற்றியும் சரியாகாமல் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் 05, சி5 என்ற (கெட்ட இடங்களைக் காட்டும்) இரு வரிகளின் எண்ணிக்கை வாராவாரம் ஏறினால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறையான ஃபார்மேட் விஷயத்தில் எங்கள் தேர்வு விண்டோஸின் என்டிஎஃப்எஸ். மற்றொரு ஃபார்மேட்டான எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபோல்டரே சிதைய வாய்ப்பு அதிகம். விண்டோஸோடு மேக்கும் வைத்திருக்கும் ஸ்டூடியோக்களுக்கு மட்டும் எக்ஸ்ஃபேட்தான் எளிய வழி, ஏனெனில் மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், தானாக எழுதாது.

முதல் பேக்கப் நேரம் எடுக்கும். யூஎஸ்பி 3 போர்ட்டில் வினாடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 500 ஜிபிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் நான்கு மணி நேரம். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும். கடைகளில் இருக்கும் சின்ன யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. அறிவித்த மின்தடை நாளில் இதைத் தொடங்க வேண்டாம்.

விண்டோஸிலேயே உள்ள பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரி நன்றாகவே உழைக்கிறது. டிஸ்க் செருகியிருக்கும்போது மணிக்கொருமுறை, மாறிய ஃபைலின் பழைய வடிவத்தையும் வைத்திருக்கும். ஆனால் அது டெஸ்க்டாப், லைப்ரரி (டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவை) ஃபோல்டர்களைத்தான் பார்க்கும். டி டிரைவில் இருக்கும் டாலி கணக்கு மென்பொருளின் டேட்டா அதற்குத் தெரியாது. அந்த ஃபோல்டரை லைப்ரரியில் சேர்க்க வேண்டும். டாலி பிரைமில் ஆல்ட் ஒய் அழுத்தி பேக்கப் எடுப்பது இன்னும் பாதுகாப்பு. ரீஸ்டோர் செய்யும்போது எப்போதும் புது ஃபோல்டரைக் காட்டுங்கள், பழைய ஃபோல்டரையே காட்டினால் இப்போதுள்ள கணக்கின் மேல் எழுதிவிடும். ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் கெடுநாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்வதால் ஆண்டு முடிவு பேக்கப்பைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

விண்டோஸின் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பி பயன்படுத்துவோர், பேக்கப்பை மூலத்தைப் போலவே ஆக்கும் எம்ஐஆர் (/MIR) ஆப்ஷனில் கவனமாக இருங்கள். மூலத்தில் தவறுதலாக அழித்ததை அது பேக்கப்பிலும் அழித்துவிடும். கம்ப்யூட்டரும் கிளவுடும் ஒன்றாகவே இருக்கும்படி செய்யும் கிளவுட் சிங்க்குக்கும் இதே குணம்தான்; கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டி 30 நாள் வரை மட்டுமே காப்பாற்றும்.

டிடிபிகாரர்களுக்கு: யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு ஃபைல்களையும் காப்பி எடுங்கள். அவை இல்லாத கம்ப்யூட்டரில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பழைய அழைப்பிதழ் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறக்கும். ஃபைல் பெயரைத் தமிழில் நீளமாக வைத்தாலும் சிக்கல் உண்டு. லினக்ஸில் ஓடும் பல நெட்வொர்க் டிஸ்க்குகளில் பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் ஒரு குறிக்கு (கம்ப்யூட்டர் தனியாகச் சேமிக்கும் எழுத்துத் துண்டுக்கு) 3 பைட், மெய்ப்புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. 85 குறிகளைத் தாண்டினால் அந்த ஃபைல் மட்டும் காப்பியாகாமல் நின்றுவிடும்.

மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகி, ஒரு கணக்கையும் சில படங்களையும் திறந்து பார்க்கிறோம். புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் தானாகவே இயங்கியிருக்கக்கூடும். மதர்போர்டு போனால் 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் திறக்க முடியாது. அந்த எண்ணை அச்செடுத்து, வெளியூர் டிஸ்க் இருக்கும் வீட்டில் டிஸ்க்கோடு சேர்க்காமல் தனி உறையில் வைத்திருக்கிறோம்.